ஏலப்பட்டியலில் இல்லாத கோப்பு

ஹானோவரிலிருந்து மேற்கே போகும் ரயில் மின்டன் ஊரைத் தாண்டியதும், வேசர் ஆறு குன்றுகளை அறுத்துக்கொண்டு வரும் ஒரு கணவாய்க்குள் நுழைகிறது. உச்சியில் 1896இல் எழுப்பிய கெய்சர் வில்ஹெல்ம் நினைவுச்சின்னம். பெட்டியில் இருந்த பலரும் அதைப் படமெடுத்தார்கள். எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரி அதன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஸ்டேஷனை ஒட்டி அடுக்கியிருந்த மரத்தடிகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதுல பாதி ஓக்கு. பட்டையப் பாத்தாலே தெரியுது. மீதி என்ன மரம்?" என்றார். பீச் என்று சொன்னேன். "பெஞ்சு செய்யலாம், கதவுக்கு ஆகாது" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். தேக்கிலேயே வாழ்ந்தவர். பீச் பலகையைப் பட்டறையில் பார்த்திருக்கிறார். மரமாக அன்றுதான் பார்க்கிறார்.

கணவாயைத் தாண்டினால் கிழக்கு வெஸ்ட்ஃபாலியா. ஜெர்மானியச் சமையலறை அலமாரிகளில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் உருவாகிறது. காரைக்குடியில் ஆட்டோ ஹிஞ்ச் கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடும் ஹெட்டிச்சின் தலைமையகம் இங்கே கிர்ஷ்லெங்கர்ன் என்ற சிற்றூரில் இருக்கிறது. பக்கத்து லோனேயில் சீமாட்டிக். நாங்கள் தாண்டி வந்த மின்டனில் ஆல்டென்டார்ஃப். நாங்கள் தேடி வந்தது இந்தக் கடைசிப் பெயரை. வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற தச்சர் 1906இல் பெர்லினில் தொழில் தொடங்கி, நகரும் மேசை வைத்த வட்ட ரம்பத்தை உருவாக்கினார். பலகையைக் கையால் ரம்பத்தின் மேல் தள்ளாமல், பலகை கிடக்கும் மேசையையே உருளைகள் மேல் நகர்த்துவது அவர் யோசனை. இன்று எந்த ஊர்ப் பட்டறையிலும் பேனல் சா என்றால் அந்த யோசனையின் வாரிசுதான்.

எங்கள் தேவை எளிது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய தேக்குக் கதவு, நிலைகளைச் சீர்செய்வது ஒரு பக்கம். மைக்கா ஒட்டிய பிளைவுட்டில் புது அலமாரிகள் செய்வது இன்னொரு பக்கம். இரண்டாவது வேலையில் உயிரை வாங்குவது அடிப்பக்கப் பிசிறு. ரம்பத்தின் பல் மேலிருந்து கீழாக வெட்டும். அடியில் ஒட்டிய மைக்காவை உடைத்துக்கொண்டு வெளியேறும். நல்ல பேனல் சாவில் பெரிய ரம்பத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்கோரிங் பிளேடு இருக்கும். அது எதிர்த்திசையில் சுழன்று, பலகையின் அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு கீறிவிடும். பெரிய ரம்பம் அந்தக் கோட்டுக்குள்ளேயே வெளியேறும்போது பிசிறு எழாது. மலிவான இயந்திரங்களிலும் இந்தச் சின்னப் பிளேடு உண்டு. ஆனால் நகரும் மேசையின் உருளைகள் தேய்ந்ததும் மேசை மயிரிழை ஆடத் தொடங்கும். இரண்டு பிளேடும் ஒரே கோட்டில் நிற்காது. மேசை ஆடாத இயந்திரம் புதிதாக வாங்க எங்களுக்குக் கட்டாது. நன்றாக வைத்திருந்த பழையது கட்டும். அப்படிப்பட்டவை ஐரோப்பாவில் இணைய ஏலத்துக்கு வருகின்றன.

அமெரிக்காவிலும் வருகின்றன, விலையும் சில நேரம் குறைவு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். மின்னழுத்தமும் பொருந்தாது. ஜெர்மனியில் மூன்று ஃபேஸ் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்முடையது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கம்பியைக் கோத்து ஓட்டலாம். எங்கள் எலக்ட்ரீஷியன் இதை முதலிலேயே சொல்லிவிட்டதால் தேட வேண்டிய நாடுகள் குறைந்தன.

விலைக்கு முன்னால் விற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பழைய இயந்திரச் சந்தையில் போலி ஏலத்தளங்கள் உண்டு. வேறொருவர் எடுத்த படங்களைப் போட்டு, உண்மையான ஒரு கம்பெனியின் முகவரியையும் ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். ஜெர்மானிய வணிகப் பதிவேட்டை 2022 ஆகஸ்டு முதல் யாரும் கட்டணமின்றித் தேடலாம். கம்பெனி எப்போது பதிவானது, யார் நடத்துகிறார்கள் என்பது அதில் இருக்கும். அவர்களின் வரி எண் செல்லுமா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். வங்கிக் கணக்கு எந்த நாட்டில், யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினாலும் நான் நான்காவதாக ஒன்றைச் சொல்வேன்: ஏலத்துக்கு முன் பார்வை நாள் அறிவித்திருந்தால் அதற்குப் போக வேண்டும். விமானச் சீட்டுக்கு ஆகும் பணம் பெரிதாகத் தெரியும். ஒரு டன் இரும்பைப் படம் பார்த்து வாங்கி, தூத்துக்குடியில் இறக்கிய பிறகு அதன் தண்டு வளைந்திருப்பதைக் கண்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பார்வை நாளுக்கு நாங்கள் போன பட்டறை ஹெர்ஃபோர்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தது. ஓக் மரச் சட்டங்களுக்கு நடுவே செங்கல் நிரப்பிக் கட்டிய பழைய வீடு முன்னால். அதன் பின்னால் நீளமான தகரக்கூரைக் கொட்டகை. ஆசாரி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். சட்டமும் சட்டமும் சேரும் இடங்களில் ஆணி இல்லை. துளையும் கழுத்துமாகப் பூட்டி, மர முளை அடித்திருந்தது. முளையின் தலையை வெட்டாமல் விரலளவு நீட்டியே விட்டிருந்தார்கள். மரம் காய்ந்து இளகினால் மறுபடி அடித்து இறுக்கலாமே என்று அதைத் தடவிப் பார்த்தபடி சொன்னார். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போனதும்தான் மனம் கனத்தது. எல்லாவற்றின் மேலும் எண் ஒட்டியிருந்தார்கள். பேனல் சா, இழைப்பு இயந்திரம், ஸ்பிண்டில் மோல்டர் மேல் மட்டுமில்லை. கிளாம்புகளின் மேல், உளிகள் வைத்த இழுப்பறை மேல், சுவர்க் கடிகாரத்தின் மேலும் எண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இதே காட்சியைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாரிசுகள் சிதறிப்போன பெரிய வீட்டின் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் விலைச்சீட்டோடு அங்கே வரிசையாக நிற்கும். இங்கேயும் கதை அதுதான். உரிமையாளருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியில் தச்சுப் பட்டறையைச் சொந்தமாக நடத்தப் பொதுவாக மாஸ்டர் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறிய இளைஞர் யாரும் இந்தக் கிராமத்துப் பட்டறையை எடுத்து நடத்த முன்வரவில்லை. கடன் எதுவும் இல்லை, திவாலும் இல்லை. வேலையும் வந்துகொண்டுதான் இருந்ததாம். செய்ய ஆள் இல்லை.

ஹம் நகரில் குடியிருக்கும் ஈழத்து நண்பர் ஒருவர் எங்களுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஏலக் கம்பெனியின் ஊழியர் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கேள்விகளுக்கு அவர் பதில், எல்லாம் பட்டியலில் இருக்கிறது என்பதுதான். பட்டியலில் ஒரு படம், மாடல் பெயர், 1998 என்ற ஆண்டு, மேசை நீளம் 3,200 மில்லிமீட்டர், அவ்வளவே இருந்தன. உரிமையாளர் ஒரு மூலையில், எண் ஒட்டாத ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசாரி உடனே இயந்திரத்தைத் தொடவில்லை. முதலில் அதைச் சுற்றியிருந்த தரையைப் பார்த்தார். பிறகு தூசு உறிஞ்சும் குழாயின் முடிச்சைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். பிறகுதான் நகரும் மேசையின் கடைசி முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் இல்லை. ரம்பத்தைக் கழற்றி, அது உட்காரும் தட்டின் மேல் டயல் கேஜை நிறுத்திக் கையால் மெல்லச் சுற்றினோம். முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் நின்றது. நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்து வந்தது அப்போதுதான்.

அவர் ஜெர்மனில் ஏதோ சொன்னார். நண்பர் எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணை, பேரிங் மாத்தி ஆறு வருசமாம். வேற ஒண்டும் கழட்டேல்லையாம். ஓட்டிப் பாக்கப்போறீங்களோ எண்டு கேக்குறார்" என்றார்.

ஓட்டிப் பார்த்தோம். கவனமாகக் கேட்டால் பேரிங் பேசும். அது பேசவில்லை, காற்றின் சத்தம் மட்டும். அணைத்ததும் பத்து விநாடிக்குள் ரம்பம் நின்றது. ஐரோப்பியப் பாதுகாப்பு விதி கேட்கும் வேகம் அது. பிரேக் தேய்ந்திருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ஆசாரி ஒரு கழிவுப் பலகை கேட்டார். பெரியவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு மீட்டர் சதுர எம்.டி.எஃப். ஆசாரி அதன் ஒரு பக்கத்தை வெட்டி, பலகையைத் திருப்பி அடுத்த பக்கத்தை வெட்டி, நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு மெல்லிய பட்டையை அறுத்து எடுத்தார். அந்தப் பட்டையின் இரு முனைகளின் தடிமனையும் வெர்னியரில் அளந்தால் வரும் வித்தியாசம் நான்கு வெட்டின் பிழையும் சேர்ந்தது. அதை நான்கால் வகுத்தால் ஒரு வெட்டின் மூலைமட்டப் பிழை தெரியும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழைகூட இதில் நான்கு மடங்காகி வெளியே வரும். எங்களுக்கு வந்த வித்தியாசம் கால் மில்லிமீட்டர்.

பெரியவர் பட்டையை வாங்கித் தானும் அளந்தார். பிறகு உள்ளே போய் ஒரு தடித்த கோப்போடு வந்தார். 1998இல் இயந்திரத்தை வாங்கியபோது கொடுத்த ரசீது, மார்க் நாணயத்தில் விலை போட்டது. கையேடு. மின்சுற்று வரைபடம். எந்தத் தேதியில் எந்தப் பெல்ட்டை மாற்றினார், எப்போது ரம்பத்தைச் சாணை பிடிக்க அனுப்பினார் என்று பென்சிலில் எழுதிய தாள்கள். இந்தக் கோப்பு ஏலப்பட்டியலில் இல்லை. படம் பார்த்து ஏலம் கேட்ட வேறு எவருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இயந்திரத்தை யார் எடுக்கிறாரோ அவர் கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் பழைய தாளோடு போய்விடும் என்றாராம். நான் எல்லாப் பக்கத்தையும் அங்கேயே நின்று படித்தேன், மொழி தெரியாவிட்டாலும் தேதிகள் தெரியுமே. ஒரு ஆண்டும் விடுபடவில்லை. அந்த இயந்திரத்தின் விலைக்கு எங்கள் உச்சவரம்பை நான் முடிவு செய்தது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான்.

ஏலம் மறுநாள் மாலை. பகலில் நண்பர் எங்களை ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில். தொழிற்பேட்டை ஒன்றுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்கிறது. ஆசாரி வாகனங்களின் மரவேலையைப் பார்ப்பதில் நேரம் போக்கினார். மாலையில் நண்பர் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம்.

இணைய ஏலத்தில் சுத்தி தட்டும் ஓசை இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முடிவு நேரம். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். ஆகவே கடைசி விநாடியில் புகுந்து தட்டிப் பறிக்க முடியாது. பொறுமைக்குத்தான் வேலை. ஏலத்தொகையோடு கணக்கு முடிவதும் இல்லை. 5,000 யூரோவுக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் வாங்கிய இடத்தில் ஏலக் கம்பெனியின் பங்கு 18 விழுக்காடு, அது 900. இந்த 5,900 மேல் ஜெர்மனியின் 19 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி 1,121. பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது என்ற சுங்கச் சான்று கிடைத்ததும் இந்த வரி திரும்பும். அதுவரை நம் பணம் அங்கே கிடக்கும். பிரித்து ஏற்றும் கூலி தனி. இதை எல்லாம் முன்கூட்டியே கூட்டி, அதற்குப் பிறகு ஏலத்தில் கேட்கும் தொகையைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஏலத்தில் உட்கார்ந்த பிறகு கணக்குப் போடுகிறவர் ஆசைக்குத்தான் கணக்குப் போடுவார்.

பெரியவரின் இழைப்பு இயந்திரம் முதலில் வந்தது. தெற்கே ஒட்டோபாய்ரன் ஊரில் மார்ட்டின் கம்பெனி செய்தது, வார்ப்பிரும்பு மேசை கண்ணாடிபோல. எங்கள் வரம்பைத் தாண்டியதும் விட்டுவிட்டோம். ஆசாரி திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பேனல் சாவுக்கு மூன்று முறை நேரம் நீண்டது. வரம்புக்குக் கொஞ்சம் கீழே எங்களிடம் நின்றது.

ஏற்றும் நாளில் பெரியவரும் ஆசாரியும் சேர்ந்துதான் இயந்திரத்தைப் பிரித்தார்கள். நகரும் மேசையைத் தனியாகக் கழற்றி, அதன் உருளைகள் ஓடும் தடத்தில் எண்ணெய்த் தாள் சுற்றினார்கள். ரம்பத்தைச் செங்குத்தாக்கி முழுவதும் கீழே இறக்கிப் பூட்டினார்கள். வார்ப்பிரும்புப் பரப்பு முழுவதும் மெழுகு கலந்த கிரீஸ். அடியில் வைத்த மரக்கட்டைகளில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்பதற்கான பன்னாட்டு அடையாளம் அது. மரத்துக்குள் இருக்கும் பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் விதி. முத்திரை இல்லாத ஒரு கட்டைக்காகத் துறைமுகத்தில் முழுச் சரக்கும் நிற்கலாம்.

கப்பல் பயணத்தில் இரும்புக்குப் பகை கடல்நீர் மட்டும் இல்லை. ஹம்பர்க்கில் குளிரில் மூடிய கன்டெய்னர் வெப்பக் கடலுக்குள் வரும்போது ஈரக்காற்று இன்னும் குளிர்ந்திருக்கும் இரும்பின் மேல் வியர்க்கும். அதற்காக ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு, இயந்திரத்தைத் துருத்தடுப்புப் படலத்தில் சுற்றினோம். செங்கடல் வழியில் 2023 இறுதியில் தொடங்கிய தாக்குதல்களால் எங்கள் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தது. பயணம் நீண்டால் வியர்வையும் நீளும். கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறித் தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

கோப்பின் அருமை அங்கேதான் முழுசாகத் தெரிந்தது. பழைய இயந்திரம் இறக்குமதி செய்ய நமக்கு இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும், சார்ட்டர்டு இன்ஜினியர் ஒருவர் பார்த்துக் கொடுக்கும் சான்று வேண்டும். ஏலத்தில் குறைவாக வாங்கியது சுங்கத்திலும் குறைவாகவே எண்ணப்படும் என்று நம்பக் கூடாது. அதிகாரிக்கு ஐயம் வந்தால், அந்த இயந்திரம் புதிதாக இருந்தபோது என்ன விலை என்பதிலிருந்து தேய்மானம் கழிப்பார்கள். முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5, அதன் பிறகு 2. எவ்வளவு பழையதானாலும் மொத்தக் கழிவு 70 விழுக்காட்டைத் தாண்டாது. புது விலை எவ்வளவு என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் இன்றைய விலைப்பட்டியலைப் பார்த்து யாராவது ஊகிப்பார்கள். எங்களிடம் 1998இன் அசல் ரசீது இருந்தது. மார்க்கை 1.95583ஆல் வகுத்து யூரோவாக்கினோம். சார்ட்டர்டு இன்ஜினியர் தன் அறிக்கையோடு அந்த ரசீதின் நகலையும் பராமரிப்புத் தாள்களின் நகலையும் இணைத்தார். மதிப்பில் தகராறு எழவில்லை. அடிப்படைச் சுங்கவரி 7.5, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்ந்ததன் மேல் 18 ஐ.ஜி.எஸ்.டி. என்று 27.7 விழுக்காட்டை ஒட்டி வந்தது. ஐ.ஜி.எஸ்.டி.யை ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பட்டறை பிறகு தன் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

காரைக்குடியில் படலத்தைப் பிரித்தபோது துரு இல்லை. எலக்ட்ரீஷியன் கோப்பிலிருந்த சுற்று வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். ரம்பத்தை மாட்டாமல் வெறும் தண்டை முதலில் ஓட்டினோம். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் தண்டு தலைகீழாகச் சுற்றும், ரம்பம் மாட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது ஆபத்து. திசை சரி. பிறகு ஆசாரி மறுபடியும் ஒரு பலகையில் ஐந்து வெட்டுப் போட்டார். பிரித்துக் கோத்ததில் அரை மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தது. வேலியைத் தளர்த்தித் தளர்த்தி, வெயில் சாய்வதற்குள் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பென்சில் தாள்களின் கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைத் தமிழில் எழுதி, பெல்ட் மாற்றவில்லை, மூலைமட்டம் சரிசெய்யப்பட்டது என்று குறித்தோம்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பங்குச் சரக்காக ஒன்றைக் கொண்டுவருவதைவிட, நான்கு பட்டறை சேர்ந்து இருபதடிக் கன்டெய்னர் ஒன்றை நிரப்பினால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கைவிட்ட அந்த இழைப்பு இயந்திரம் மாதிரி ஒன்று தெற்கு ஜெர்மனியில் ஏலத்துக்கு வந்திருக்கிறது. பார்வை நாளும் அறிவித்திருக்கிறார்கள். ஆசாரியின் விசாவுக்குச் சென்னையில் நேரம் கேட்டு விண்ணப்பித்தாயிற்று.